காகம் பேச வேண்டுமா?

கேள்வி: அக்கா, வணக்கம். நண்பர்கள் மூன்று பேர் சேர்ந்து இரண்டரை ஆண்டு உழைத்து 9 நிமிட அனிமேஷன் குறும்படம் ஒன்றை முடித்தோம். தரிசாகிவிட்ட நிலத்தில் தனியாக நிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை, அதன் கையில் வந்து உட்காரும் ஒரு காகம், அவ்வளவுதான் கதை. வசனம் கிடையாது. இதைப் பார்த்த ஒரு தயாரிப்பாளர் 85 நிமிடப் படமாக எடுக்கலாம் என்கிறார். ஆனால் நிலம் ஏன் காய்ந்தது, உழவர் எங்கே போனார் என்று சொல்லும் முன்கதை வேண்டுமாம், காகம் பேசவும் வேண்டுமாம். இந்த வேலைக்கு என்னைத் தயார்செய்துகொள்ள அமெரிக்க அனிமேஷன் இயக்குநர் ஷேன் ஆக்கரின் ‘9’ குறும்படத்தையும், அதிலிருந்து வந்த முழுநீளப் படத்தையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். குறும்படம் அன்றிரவு தூங்கவிடவில்லை. முழுப்படம் அத்தனை பிரம்மாண்டமாக இருந்தும் காலையில் நினைவில் நிற்கவில்லை. ஏன் இப்படி? நீட்டினால் கெட்டுத்தான் போகுமா? நாங்கள் ஒப்புக்கொள்ளலாமா?
- பெயர் வேண்டாம், கோவை

பதில்: அன்புத் தம்பிக்கு,

நீங்கள் அனுப்பிய படத்தை மூன்று முறை பார்த்தேன். மூன்றாவது முறை ஒலியை அணைத்துவிட்டுப் பார்த்தேன். எடிட்டிங் மேசையில் இருபது ஆண்டு உட்கார்ந்தவளுக்கு இது ஒரு கெட்ட பழக்கம். இசை இல்லாமலும் ஒரு ஷாட் நிற்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடிவதில்லை. உங்கள் படம் நிற்கிறது. அதனால்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன்.

முதலில் ‘9’. அந்தக் குறும்படத்தை ஆக்கர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் மாணவராக இருந்தபோது செய்தார். சுமார் 11 நிமிடப் படம், உழைப்போ நாலரை ஆண்டு. நடுவே நியூசிலாந்துக்குப் போய், ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ மூன்றாம் பாகத்தில் அனிமேட்டராக வேலை செய்துவிட்டு வந்தார். 2005-ல் படம் வெளிவந்தது. மாணவர்களுக்கான ஆஸ்கர் விருது கிடைத்தது. அடுத்த ஆண்டு பெரிய ஆஸ்கரிலும் அனிமேஷன் குறும்படப் பிரிவில் பரிந்துரை பெற்றது. பிரபல இயக்குநர்கள் டிம் பர்டனும் திமூர் பெக்மம்பேத்தவும் தயாரிப்பாளர்களில் சேர்ந்தார்கள். 3 கோடி டாலர் செலவில் 79 நிமிட முழுப்படம் 2009-ம் ஆண்டு 9-ம் மாதம் 9-ம் தேதி வந்தது. அந்தத் தேதியைத் தேர்ந்தெடுத்த விளம்பரக்காரருக்கு அன்று நல்ல தூக்கம் வந்திருக்கும்.

ஆக்கர் அனிமேஷனுக்கு வருமுன் கட்டடக்கலை படித்தவர். குறும்படத்தில் அது தெரிகிறது. இடிந்த வீடு, சாய்ந்த பலகை, கிழிந்த புத்தகம் எல்லாமே சாக்குத்துணியில் தைத்த ஒரு சாண் பொம்மையின் உயரத்திலிருந்து அளந்து வைக்கப்பட்டவை. நமக்குக் குப்பையாகத் தெரிவது அந்தப் பொம்மைக்கு மாளிகை, கோட்டை, பொறி. அதன் முதுகில் 9 என்ற எண். கையில் பல்பு கட்டிய கோல். பூனையின் மண்டையோட்டை முகமாகக் கொண்ட ஓர் எந்திர மிருகம் அதைத் தேடுகிறது. தான் கொன்ற பொம்மைகளின் எண் எழுதிய தோல்களையே அந்த மிருகம் மேலே போர்த்திக்கொண்டு வருகிறது. அந்த ஒரு உருவத்திலேயே முன்கதை முழுவதும் வந்துவிட்டது, கவனித்தீர்களா? இத்தனை பேர் இருந்தார்கள், இப்போது இல்லை. இதற்கு மேல் நமக்கு என்ன தெரிய வேண்டும்?

நடுவில் ஒரு சிறு நினைவுக் காட்சி. 5 என்ற பொம்மை 9-க்கு மூத்தவன், வழிகாட்டி. அவனை மிருகம் பிடித்துக்கொள்கிறது. அவன் உயிர் பச்சை ஒளியாக உறிஞ்சப்படுகிறது. 9 பொறி வைத்துப் பழிதீர்க்கிறான். அடைபட்ட உயிர்கள் விடுபடுகின்றன. அவன் தனியே நடந்து போகிறான். உலகம் ஏன் அழிந்தது, பொம்மைகளைத் தைத்தது யார், அந்த ஒளி என்ன என்ற எதற்கும் பதில் கிடையாது. துக்கத்துக்கு விளக்கம் தேவைப்படவில்லை. இழவு வீட்டு வாசலில் நிற்கும்போது செத்தவரின் வரலாற்றை நாம் கேட்பதில்லை. உள்ளே அழுகிறவரைப் பார்த்தால் போதும்.

முழுப்படத்தைப் பற்றி நீங்கள் எழுதியதில் பாதிதான் எனக்குச் சம்மதம். நீளம்தான் அதைக் கெடுத்தது என்பது போல எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அதன் தொடக்கத்தை மறுபடி பாருங்கள். பொம்மை கண் விழிக்கிறது. பேச வாயைத் திறக்கிறது, குரல் வரவில்லை. வெளியே போகிறது, 2 என்ற கிழப் பொம்மையைச் சந்திக்கிறது. அந்தக் கிழவர் குப்பையிலிருந்து எடுத்த ஒரு சின்னக் கருவியை அதன் நெஞ்சுக்குள் பொருத்திக் குரல் கொடுக்கிறார். எவ்வளவு அழகான காட்சி! குறும்படம் முழுப்படத்துக்குள் மூச்சுவிடுவது அந்தச் சில நிமிடங்களில்தான். கிடைத்த குரலைப் பிறகு என்ன செய்தார்கள் என்பதுதான் என் வருத்தம். எலைஜா வுட், கிறிஸ்டோபர் பிளம்மர் என்று பெரிய பெரிய நடிகர்கள் பேசுகிறார்கள். என்ன பேசுகிறார்கள்? ‘போகலாம்’, ‘போகக் கூடாது’, ‘அவனைக் காப்பாற்ற வேண்டும்’, ‘ஆபத்து’. திரையில் தெரிவதையே வாயாலும் சொல்கிறார்கள். வசனத்தின் தரத்தைச் சோதிக்க எனக்கு ஒரு பழைய வழி உண்டு: ஒலியை நிறுத்திவிட்டுப் பார்ப்பேன், கதை புரிந்துவிட்டால் அந்த வசனம் அங்கே தேவையில்லை. ‘9’ முழுப்படத்தில் பெரும்பகுதி அப்படிப் புரிந்துவிடும். 3, 4 என்ற இரட்டையர் மட்டும் அதில் பேசுவதே இல்லை. கண்களின் ஒளியை மினுக்கிப் பேசிக்கொள்கிறார்கள். அந்தப் படத்தில் என் மனதில் நிற்பவர்கள் அவர்கள் இருவரும்தான். உங்களுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பந்தயம் கட்டுவேன்.

அடுத்தது மிருகம். குறும்படத்தின் மொத்தப் பயத்தையும் தன் முதுகில் சுமந்த அந்தப் பூனைமண்டை மிருகத்தை முழுப்படத்தில் 7 என்ற வீராங்கனைப் பொம்மை வெகு சீக்கிரம் தலையைத் துண்டித்து முடித்துவிடுகிறாள். பிறகு அதைவிடப் பெரிய எந்திரம். அது படைக்கும் பறக்கும் மிருகம். அதன் பிறகு, செத்த 2-ன் உடலையே தூண்டிலாக வைத்து மற்றவர்களை மயக்கித் தைத்து அள்ளிப்போகும் பாம்பு போன்ற ஒன்று. இந்தக் கடைசி உருவம் நிஜமாகவே நடுங்க வைக்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் ஒன்றை வைத்து நடந்த காரியத்தை நான்கை வைத்து நடத்தினால் பயம் நான்கு மடங்காகாது. சாம்பாரில் உப்பு குறைந்தால் போடலாம். சரியாக இருக்கும்போது நான்கு கரண்டி போட்டால் யார் சாப்பிடுவது?

டிம் பர்டனே இதே சோதனையைத் தன் படத்திலும் செய்து பார்த்தார். 1984-ல் அவர் எடுத்த ‘ஃபிராங்கன்வீனி’ நடிகர்கள் நடித்த குறும்படம். செத்த நாயைச் சிறுவன் மின்சாரத்தால் எழுப்புகிறான். 2012-ல் அதை அவரே ஸ்டாப் மோஷன் அனிமேஷனில், அதாவது பொம்மைகளை இம்மி இம்மியாக நகர்த்திப் படமெடுக்கும் முறையில், முழுநீளப் படமாக்கியபோது, கூடப் படிக்கும் பிள்ளைகளும் தங்கள் தங்கள் செல்லப் பிராணிகளை எழுப்ப, ஊரே அமளியாகிறது. சிரிக்கலாம், ரசிக்கலாம். எனக்கு என்னவோ அந்த ஒரு நாய்தான் வேண்டியிருக்கிறது.

இப்போது விளக்கத்துக்கு வருகிறேன். முழுப்படம் தொடங்கியதுமே விஞ்ஞானியின் குரல் உலகத்தின் முடிவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறது. பிறகு பழைய செய்திப்படம் வழியாக ஒரு சர்வாதிகாரி, போர், மனிதருக்கு எதிராகத் திரும்பிய எந்திரங்கள் என எல்லாம் வரிசையாகச் சொல்லப்படுகின்றன. கடைசியில் அந்தப் பச்சை ஒளிக்கும் விளக்கம் கிடைக்கிறது: விஞ்ஞானி தன் உயிரையே ஒன்பது துண்டாக்கிப் பொம்மைகளுக்குள் வைத்தாராம். குறும்படத்தில் 5 வேறு உயிர், 9 வேறு உயிர். ஒருவன் செத்தான், ஒருவன் மிச்சமிருந்தான். முழுப்படத்திலோ இருவரும் ஒரே கிழவரின் இரண்டு துணுக்குகள். தத்துவமாகக் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் துக்கம் கரைந்துபோகிறது. நீங்கள் காலையில் மறந்துபோனதற்கு இதுவே முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். குறும்படம் உங்களைக் கேள்வியோடு வீட்டுக்கு அனுப்பியது. முழுப்படம் பதிலைக் கையில் கொடுத்து அனுப்பியது. பதில் கிடைத்த பிறகு யார் விழித்திருப்பார்கள்?

ஆனால் அந்தப் படத்துக்குள் இன்னொரு படம் புதைந்து கிடக்கிறது. எந்திரம் தானாக எழவில்லை. தான் கண்டெடுத்த வட்டமான சின்னப் பொருளை ஆர்வக்கோளாறில் எந்திரத்தின் பள்ளத்தில் பொருத்தி அதை எழுப்புவதே 9-தான். முதல் பலி, அவனுக்குக் குரல் கொடுத்த அதே 2. யோசித்துப் பாருங்கள். தனக்குப் பேச்சைத் தந்தவரைத் தானே கொன்றுவிட்ட ஒரு பிள்ளை! குறும்படத்து 9 தவறு எதுவும் செய்யாதவன், இழந்தவன் மட்டுமே. முழுப்படத்து 9 குற்றவாளி. 79 நிமிடம் தாங்கக்கூடிய புத்தம்புதிய கேள்வி அது: ‘இதை நான்தான் செய்தேன்; இனி எப்படி வாழ்வேன்?’ திரைக்கதை அதைத் தொடுகிறது. 1 என்ற தலைவர் அவனைக் கடிந்துகொள்கிறார், அவனும் தலைகுனிகிறான். அதற்குள் அடுத்த மிருகம் வந்துவிடுகிறது, ஓட வேண்டியிருக்கிறது. அவனை ஒரு இரண்டு நிமிடம் உட்கார விட்டிருந்தால் போதும். என் கை அந்த இடத்தில் கத்தரிக்கோலுக்காகத் துடித்தது.

நீட்டினால் கெட்டுப்போகுமா என்று கேட்டீர்கள். கெடாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லாத்வியா நாட்டுக்காரர் கின்ட்ஸ் ஜில்பலோதிஸ் பதின்ம வயதில், 2012-ல், ‘அக்வா’ என்றொரு குறும்படம் செய்தார். தண்ணீருக்குப் பயப்படும் ஒரு பூனையின் கதை. பன்னிரண்டு ஆண்டு கழித்து அந்தப் பூனையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு ‘ஃப்ளோ’ என்ற முழுநீளப் படம் செய்தார். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளும் பிளெண்டர் மென்பொருளில் செய்த படம். செலவு சுமார் 35 லட்சம் யூரோ. ‘9’-க்கு ஆனதில் ஏழில் ஒரு பங்குகூட வராது. 2025-ல் சிறந்த அனிமேஷன் முழுநீளப் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. படம் முழுக்க ஒரு சொல்கூட இல்லை.

அவர் செய்ததை உற்றுப் பாருங்கள். வெள்ளம் ஏன் வந்தது என்று சொல்லவில்லை. வீடுகள் இருக்கின்றன, படகு இருக்கிறது, பூனைச் சிலைகள் செதுக்கிய ஒரு வீடுகூட இருக்கிறது; மனிதர்கள் எங்கே போனார்கள் என்று கடைசிவரை சொல்லவில்லை. ‘9’ விளக்கிய இரண்டையும் இவர் விளக்க மறுத்தார். ஆனால் அதே கேள்வியை இழுத்துக்கொண்டும் போகவில்லை. ‘இந்தப் பூனை தண்ணீரைச் சமாளிக்குமா?’ என்பது குறும்படத்துக்குப் போதும், 85 நிமிடத்துக்குப் போதாது. படகில் ஒரு கேப்பிபாராவையும் (பெருச்சாளி இனத்தைப் போன்ற பெரிய கொறிவிலங்கு), கண்ணாடி முதலான பொருள்களைச் சேர்த்துவைக்கும், குரங்கு போன்ற ஒரு லெமூரையும், ஒரு நாயையும், ஒரு நெடுங்கால் பறவையையும் ஏற்றினார். தனியாகவே வாழ்ந்து பழகிய பூனை இப்போது தண்ணீரோடு மட்டுமல்ல, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களோடும் காலம் தள்ள வேண்டும். ரயிலில் இரண்டாம் வகுப்பில் போனவர்களுக்கு எது கஷ்டம் என்று தெரியும்.

எனவே உங்கள் தயாரிப்பாளர் சொல்வதில் ஒன்று சரி, ஒன்று தவறு. இதை 85 நிமிடப் படமாக்கலாம் என்பது சரி. முன்கதையால் நிரப்பலாம் என்பது தவறு. உழவர் போன கதையைச் சொன்னால் உங்கள் பொம்மையின் காத்திருப்பு செத்துவிடும். அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று தெரியாததால்தான் நான் மூன்று முறை பார்த்தேன்.

சரி, முன்னால் போகும் கேள்வி எது? அது உங்கள் படத்திலேயே இருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். உங்கள் ஆறாவது நிமிடத்தில் காகம் பொம்மையின் நீட்டிய கையில் உட்கார்ந்து தலையைச் சிறகுக்குள் புதைத்துத் தூங்குகிறது. தம்பி, சோளக்கொல்லைப் பொம்மையைக் கட்டி நிறுத்துவதே காகத்தை விரட்டத்தானே! நிலம் தரிசாகக் கிடப்பதால்தான் இந்த நட்பே நடக்கிறது. நாளை மழை பெய்து, யாரோ வந்து உழுது, கதிர் பிடித்துவிட்டால்? பொம்மை இத்தனை நாள் எதற்காகக் காத்திருந்ததோ அது வந்துவிடும். வந்த மறுநாளே, தனக்கிருந்த ஒரே துணையை அது விரட்டியாக வேண்டும். இந்த ஒரு முடிச்சு 85 நிமிடத்தையும் தாங்கும். பேச்சும் தேவைப்படாது, சர்வாதிகாரியும் தேவைப்படாது. வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் வேறு எதைத் தேர்ந்தெடுத்தாலும் குறும்படம் எங்கே முடிகிறதோ அதற்கு அப்பால் பிறக்கிற கேள்வியாக அது இருக்கட்டும்.

வேலையை இப்படி ஆரம்பிக்கலாம். குறும்படத்தில் பார்வையாளருக்குத் தெரியாதவை என்னென்ன என்று மூவரும் தனித்தனியே எழுதுங்கள். பிறகு ஒன்றாக உட்கார்ந்து, எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாதவை எவை என்று முடிவுசெய்து அடிக்கோடிடுங்கள். அந்தக் காகிதத்தைத் தயாரிப்பாளரிடம் காட்ட வேண்டியதில்லை. அவரிடம் காட்டவேண்டியது முதல் 20 நிமிடத்துக்கான அனிமேட்டிக், அதாவது ஓவியங்களை வரிசையாக ஓட்டிக் காட்டும் முன்வரைவு. பென்சில் கோடுகளே போதும், வண்ணம் வேண்டாம். ‘வசனம் இல்லாமல் நிற்கும்’ என்று வாதாடி ஜெயிக்க முடியாது. ஓட்டிக் காட்டினால் முடியும். அவர் போனை எடுக்காமல் 20 நிமிடம் உட்கார்ந்தால் நீங்கள் ஜெயித்தீர்கள். எடுத்தால், எந்த ஷாட்டில் எடுத்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள்; தவறு அதற்கு முந்தைய ஷாட்டில் இருக்கும்.

ஒப்பந்தம் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். முதலில் நீங்கள் மூவரும் உங்களுக்குள் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்: யாருக்கு என்ன பங்கு, யார் பேசுவது. நட்பு கெட வேண்டாம் என்று இதைத் தள்ளிப்போட்டுப் பிறகு நட்பையும் படத்தையும் சேர்த்து இழந்தவர்களை எனக்குத் தெரியும். நம் நாட்டின் 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்தெந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் தயாரிப்பாளர்கள் ‘நிரந்தரமாக, உலகம் முழுமைக்கும்’ என்ற சொற்களைச் சேர்த்துவிடுவார்கள். அந்த இரண்டு சொற்களுக்கும் விலை உண்டு. பொம்மை, காகம் இரண்டின் உருவங்களையும் மொத்தமாக எழுதிக் கொடுக்கிறீர்களா, இந்த ஒரு படத்துக்கு மட்டுமா என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துக்கு முன் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். அந்தக் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

கடைசியாகக் காகம். அது பேச வேண்டாம், ஆனால் ஊமையாகவும் இருக்க வேண்டாம். இப்போது நீங்கள் போட்டிருக்கும் ‘கா கா’ ஏதோ ஒலித்தொகுப்பிலிருந்து எடுத்தது போல இருக்கிறது. ஒரே கரைதலை நான்கு இடத்தில் கேட்டேன். காகம் பசிக்கு ஒரு மாதிரி, பயத்துக்கு ஒரு மாதிரி, சும்மா உட்கார்ந்திருக்கும்போது தொண்டைக்குள் ஒரு மாதிரிக் கரையும். விடியற்காலையில் ரெக்கார்டரோடு மொட்டை மாடிக்குப் போங்கள், ஒரு வாரத்தில் எல்லாம் கிடைத்துவிடும். ‘ஃப்ளோ’வில் நிஜ விலங்குகளின் ஒலியைத்தான் பதிவுசெய்தார்கள். கேப்பிபாராவின் நிஜக் குரல் கீச்சென்று இருந்து அந்தச் சாதுவான உருவத்துக்குப் பொருந்தாததால், அதற்கு ஒட்டகக் குட்டியின் குரலைப் போட்டார்களாம். உங்கள் காகத்துக்கு ஒட்டகம் தேவைப்படாது என்று நம்புகிறேன்.

அனிமேட்டிக் தயாரானதும் அனுப்புங்கள். ஒலி சேர்க்காமல் அனுப்புங்கள்.

அன்புடன்,
அக்கா